டாட்சன் 240இசட்டும் ஒரு தேய்மானக் கணக்கும்

தேய்மானம் என்ற சொல்லுக்கு பி.காம். வகுப்பில் ஒரு அர்த்தம், ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு அர்த்தம். வகுப்பில் அது ஒரு எண். வருஷக் கடைசியில் சொத்தின் மதிப்பிலிருந்து ஒரு தொகையைக் கழித்து எழுதிவிடுவார்கள். அந்தச் சொத்து வருஷம் முழுக்க ஷெட்டில் சும்மா நின்றதா, ஓடி ஓடிக் களைத்துப் போனதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் தேய்மானம் என்றால் உண்மையிலேயே ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. கையை வைத்தால் தெரியும், துணியால் துடைத்தால் எண்ணெய்க் கறை படியும்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஆளுக்கொரு திசையில் போவதைப் பார்க்க வேண்டுமானால், டாட்சன் 240இசட் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கலாம். குறிப்பாக அதன் நாலு ஸ்ட்ரட்டுகளை.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். 1969 அக்டோபரில் நிஸ்ஸான் கம்பெனி ஜப்பானில் இதை அறிமுகப்படுத்தியபோது பெயர் ஃபேர்லேடி இசட். அமெரிக்காவில் நிஸ்ஸானின் வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த யுடாக்கா கடயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வருகிற அமெரிக்க இளைஞன் "ஃபேர்லேடி" என்று எழுதிய வண்டியில் ஏறுவானா? பெயர்த் தகட்டை எடுத்துவிட்டு 240இசட் என்று மாட்டினார். 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 151 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். அமெரிக்காவில் 1970-ல் விலை 3,526 டாலர். அன்றைக்கு ஜாகுவார் ஈ-டைப் வாங்க 5,000 டாலருக்கு மேல் வேண்டும். அதனால் கார் பிய்த்துக்கொண்டு போனது. 260இசட், 280இசட் என்று பெயர் மாறி 1978 வரை வந்த இந்த எஸ்30 வரிசையில் 5 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

இப்போது கணக்கு. நம்மூர் வருமான வரிக் கணக்கில் காருக்குப் பழகிய வீதம் 15 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை. 3,526 டாலரை இந்த முறையில் வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்தால் பத்தாம் வருஷம் 694 டாலர் நிற்கும். ஐம்பதாம் வருஷம்? ஒரு டாலர் நாலு சென்ட். ஒரு டீ கூட வராது.

நடந்தது வேறு. 1997-ல் நிஸ்ஸான் கம்பெனியே அமெரிக்காவில் பழைய 240இசட்களைத் தேடி வாங்கி, முழுக்கப் புதுப்பித்து, சுமார் 25,000 டாலருக்கு விற்றது. (அப்போது அமெரிக்காவில் விற்க அவர்களிடம் புது இசட் கார் இல்லை. 300இசட்எக்ஸ் 1996-லேயே நின்றுவிட்டது.) 2020 ஜனவரியில் அதிகம் ஓடாத ஒரு 1971 மாடல் 240இசட் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. ஏட்டுக் கணக்கில் ஒரு டாலர், சந்தையில் மூன்று லட்சம்! எல்லா 240இசட்டும் இந்த விலைக்குப் போகாது என்பது வேறு விஷயம். ஆனால் திசை தெரிகிறதல்லவா?

விலை ஏறினாலும் ரப்பர் இளமையாவதில்லை. மூன்று லட்சம் டாலர் காராக இருந்தாலும் மூவாயிரம் டாலர் காராக இருந்தாலும் ஸ்ட்ரட்டுக்குள் இருக்கிற ஆயில் சீலுக்கு வயது ஒன்றுதான்.

சரி, ஸ்ட்ரட் என்றால் என்ன? ஷாக் அப்சார்பர் எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங் குதிப்பதை அடக்குவது அதன் வேலை. ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போகவேண்டும். அந்தச் சிரமத்தில் ஆட்டம் சூடாக மாறிவிடுகிறது. ஸ்பிரிங் சக்தியைச் சேர்த்து வைக்கும், திருப்பிக் கொடுக்கும். ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. சக்கரம் மேடேறி அமுங்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஸ்பிரிங் திரும்ப விரியும்போது இறுக்கிப் பிடிக்கும்படி ஓட்டைகளையும் வால்வுகளையும் அமைத்திருப்பார்கள்.

ஸ்ட்ரட்டில் இதோடு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. சக்கரத்தை நேராக நிறுத்திப் பிடிக்கிற தூணும் அதுதான். வேறு பல கார்களில் சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒரு கை, கீழே ஒரு கை இருக்கும். ஷாக் அப்சார்பர் தனியாக ஓரமாக நிற்கும். எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் மேல்கையை எடுத்துவிட்டார். ஷாக் அப்சார்பரையே தடிமனாக்கி, அதன் அடிப்பகுதியைச் சக்கரத்தோடு இணைத்து, மேல்முனையை பாடியில் மாட்டி, சுற்றி ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸில் செவர்லே கேடட் என்ற சின்ன காருக்காக அவர் யோசித்தது இது. 1947-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். மனிதர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-ல் லண்டன் கண்காட்சியில் வந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் அது நன்றாகவே ஓடியது. இடம் மிச்சம், உதிரிப்பாகம் குறைவு, செலவும் குறைவு. காஸ்ட் அக்கவுன்டன்ட் ஒருவரே உட்கார்ந்து வரைந்தது போல இருக்கும் :-) நம்மூர் மாருதி 800-ன் முன்சக்கரத்திலும் இதே அமைப்புதான்.

240இசட்டில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் அதன் சகோதரனான சாப்மன் ஸ்ட்ரட். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1957 வாக்கில் பின்சக்கரத்துக்குப் பயன்படுத்திய முறை. ஆக நாலு சக்கரமும் தனித்தனியாக ஆடும். 3,526 டாலர் காரில் அந்தக் காலத்தில் இது சாதாரணம் இல்லை.

ஒரே பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்தால் அது கெட்டுப்போகும்போது இரண்டும் சேர்ந்து கெடும். வளைவில் திரும்பும்போது, பிரேக் போடும்போது சக்கரம் பக்கவாட்டில் தள்ளுகிற விசையில் ஒரு பகுதி ஸ்ட்ரட்டின் பிஸ்டன் தண்டிலும், அது நுழையும் வழிகாட்டி வளையத்திலும் இறங்குகிறது. அந்த வளையம் தேய்ந்தால் தண்டு லேசாக ஆடும். தண்டு ஆடினால் சீல் கிழியும். சீல் கிழிந்தால் எண்ணெய் கசியும், மண் உள்ளே போகும், மண் தண்டின் பளபளப்பைக் கீறும், கீறல் மீதி சீலையும் தின்னும். தொடக்கத்தில் மெதுவாகப் போய், கடைசியில் வேகம் பிடிக்கிற வியாதி.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. விளக்கு எரியாது, சத்தம் கேட்காது. பிரேக் பேட் தேய்ந்தால் கிறீச்சிடும், பேட்டரி போனால் கார் கிளம்பாது. ஸ்ட்ரட் அப்படியெல்லாம் ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. இந்த மாதம் போன மாதத்தைவிட ஒரு துளி மோசம், அவ்வளவுதான். ஓட்டுகிறவரும் தன்னை அறியாமல் ஒரு துளி முன்னதாக பிரேக் போடுகிறார், வளைவில் ஒரு துளி மெதுவாகப் போகிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அனுசரித்து வருஷக்கணக்கில் குடும்பம் நடத்துகிறார்கள். பல 240இசட் உரிமையாளர்கள் நாலு ஸ்ட்ரட்டும் மாற்றிய பிறகுதான் கார் எப்படி இருந்தது என்பதையே உணர்கிறார்கள். மாற்றும் முன்பு "நல்லாத்தானே ஓடுது" என்றவர்கள்தான் அவர்கள்.

ஏட்டில் பதியாத தேய்மானம் என்று இதைச் சொல்லலாம். லாபநட்டக் கணக்கில் பற்று வைக்காமலே நஷ்டம் ஏறிக்கொண்டிருக்கும். அது மொத்தமாக வெளியே வருவது மழை ஈரத்தில் திடீரென்று பிரேக் போட்டு விலகவேண்டிய அந்த ஒரு நாளில். தளர்ந்த ஸ்ட்ரட் உள்ள காரில் மூக்கு அமுங்கும், பின்பக்கம் எழும்பும், டயர் ரோட்டை விட்டு விட்டுத் தொடும். தொடாத டயருக்கு பிரேக் போட்டு என்ன பயன்? அதுவும் 240இசட் பின்சக்கரத்தால் ஓடும் லேசான கார். ஏ.பி.எஸ். கிடையாது, தடுமாறினால் தாங்கிப் பிடிக்க எந்த எலெக்ட்ரானிக்ஸும் கிடையாது. நாலு டயர், நாலு ஸ்ட்ரட், ஓட்டுகிறவரின் கை. வேறு துணை இல்லை.

இந்த ஸ்ட்ரட்டுகளை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். கென்யா, உகாண்டா, தான்சானியா மண்பாதைகளில் நடந்த கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971-லும் 1973-லும் ஜெயித்தது 240இசட்தான். 1973-ல் ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். இரண்டு கார்கள் சமமான புள்ளியில் முடிந்து, விதிப்படி முடிவு செய்து அவருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். மற்ற காரும் ஒரு டாட்சன்தான்! ராலிக்குத் தயார் செய்த கார் வேறு, ஷோரூம் கார் வேறு என்றாலும் அமைப்பு அதேதான். ஆனால் ராலிக் காருக்கு இரவோடு இரவாக எதையும் கழற்றி மாற்ற ஒரு படையே உடன் போகும். ஷோரூமில் வாங்கிய கார் அதே ஸ்ட்ரட்டோடு முப்பது வருஷம் ஓடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மட்கார்டின் மூலையை அழுத்திவிட்டு, எத்தனை முறை குதிக்கிறது என்று பார்ப்பது எல்லோரும் செய்கிற சோதனை. ஒரு தடவை எழும்பி அடங்கிவிட்டால் நல்லது, தொட்டில் மாதிரி ஆடினால் முடிந்தது கதை. ஆனால் இது பாதிச் சோதனைதான். கையால் அழுத்துகிற வேகமும் ரோட்டில் பள்ளம் அடிக்கிற வேகமும் ஒன்றல்ல. கையில் பாஸான ஸ்ட்ரட் ரோட்டில் ஃபெயிலாகலாம். குழாயின் மேல்பகுதி எண்ணெயில் நனைந்து தூசி அப்பியிருக்கிறதா, டயரைச் சுற்றி கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. டயர் பொய் சொல்லாது.

இன்னொன்றும் பார்க்கவேண்டும். பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட் மேலே வந்து மாட்டுகிற இடத்தில் தகரம் எப்படி இருக்கிறது என்று. இந்த வரிசைக் கார்களுக்குத் துரு ஒரு பரம்பரை நோய். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊரில் இருந்த கார் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்ட்ரட் மாட்டும் இடமே உளுத்துப் போயிருந்தால் புது ஸ்ட்ரட் வாங்கி என்ன செய்வது? அந்தப் பணத்தை முதலில் வெல்டிங் செய்கிறவரிடம் கொடுக்கவேண்டும்.

இனி வேலை. கேட்பதற்கு எளிது. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, மேலே மூன்று நட், கீழே முன்பக்கத்தில் இரண்டு போல்ட். பிரேக் ஹோஸ் ஸ்ட்ரட்டோடு சேர்த்து மாட்டியிருக்கும். அதைக் கழற்றினால் கடைசியில் பிரேக்கில் காற்று எடுக்கும் வேலையும் உண்டு. அப்புறம் மொத்த ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கோடு கைக்கு வந்துவிடும்.

மேலே மூன்று நட்டுக்கு நடுவில் இன்னொரு நட் இருக்கும். பார்த்தால் அதுதான் முதலில் கழற்றவேண்டியது போல நடுநாயகமாக நிற்கும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டாமல் அதைத் தொடவே கூடாது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் ஸ்பிரிங் முழுசாக விரிந்திருக்காது, பாதி அமுங்கிய நிலையில்தான் உள்ளே இருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது அந்த ஒற்றை நட். அதைக் கழற்றினால் மேல்மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். முகத்துக்கு நேரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஸ்பிரிங் கம்ப்ரெஸர் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. கொக்கி வைத்த இரண்டு மறைத் தண்டுகள். ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகவேண்டும். ஒரே பக்கம் திருகினால் ஸ்பிரிங் வளைந்து கொக்கி வழுக்கும். பழகிய மெக்கானிக்குகளே இந்தக் கட்டத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தெரியாதவர்கள் ஸ்ட்ரட்டைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிப் போய், இந்த ஒரு வேலைக்கு மட்டும் கூலி கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் இதுவல்ல.

ஸ்பிரிங் போனபிறகு மிஞ்சுவது குழாய். இங்கேதான் இந்தப் பழைய காரின் அருமை. இன்றைய கார்கள் பலவற்றில் ஸ்ட்ரட் சீல் வைத்த ஒரே துண்டு. கெட்டால் முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கவேண்டும். 240இசட்டின் குழாய் திறப்பதற்கென்றே செய்தது. தலையில் ஒரு பெரிய மறைமூடி. அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே தண்டும் பிஸ்டனும் நாற்றமெடுத்த பழைய எண்ணெயும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, குழாயைக் கழுவி, அதற்குப் பதிலாக முழுசாக மூடிய ஒரு கார்ட்ரிட்ஜை உள்ளே இறக்கி, மூடியைத் திரும்பப் போட்டால் ஸ்ட்ரட் புதுசு. பேனாவுக்கு ரீஃபில் மாற்றுவது போல. சக்கரத்தைத் தாங்குகிற கனமான வெளிக்கூடு அப்படியே இருக்கும். தேய்கிற உள்ளுறுப்பு மட்டும் மாறும்.

ரீஃபில் போல என்று சொன்னாலும் ஐம்பது வருஷமாகத் திறக்காத மறைமூடி சுலபத்தில் அசையாது. துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு வைக்கவேண்டும். பெரிய பைப் ரெஞ்சும், அதன் பிடியில் செருக ஒரு நீளக் குழாயும், பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளும் வேண்டும். உள்ளே எண்ணெய் இருப்பதால் நெருப்பு காட்டிச் சூடாக்குவது ஆபத்து. இன்னொரு சின்ன விஷயம்: தண்டு சுற்றுகிறதே என்று அதைக் குறடால் கவ்விப் பிடித்து நட்டைத் திருகுகிறவர்கள் உண்டு. புதுத் தண்டில் அப்படி ஒரு பல் பதிந்தால் போதும், முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே சீல் போய்விடும். கார்ட்ரிட்ஜுக்கும் குழாய்க்கும் நடுவில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார்கள். சூடு வெளிக்குழாய்க்குக் கடக்கவும், உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கவும். நிரம்ப ஊற்றக்கூடாது. சூட்டில் எண்ணெய் விரிய இடம் வேண்டுமே.

பின்பக்கம் கதை வேறு. மூன்று நட்டுகள் காருக்கு உள்ளே, சாமான் வைக்கும் இடத்தில், வினைல் உறை போர்த்திய கூம்புகளின் உச்சியில் இருக்கும். அது பிரச்சினை இல்லை. கீழே ஸ்ட்ரட்டையும் கீழ்க்கையையும் சேர்ப்பது ஒரு நீளமான இரும்பு பின். இசட் வைத்திருப்பவர்கள் யாரிடம் அந்தப் பின்னைப் பற்றிக் கேட்டாலும் முகம் மாறும். குழாய்க்குள் நுழைந்து, நடுவில் ஒரு பூட்டாணியும் அடித்து, நாற்பது ஐம்பது வருஷம் மழையில் நனைந்தால் என்ன ஆகும்? இரண்டு உலோகமும் ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடித்தால் முனையின் மறை நசுங்கும், பின் அசையாது. பிடுங்குவதற்கென்றே தனிக் கருவி விற்கிறார்கள். அதுவும் முடியாதவர்கள் ரம்பத்தால் அறுத்து எடுக்கிறார்கள். நல்ல வேளையாக, கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றுவதற்கு அந்தப் பின்னைத் தொடவேண்டாம். மேலே நட்டுகளைக் கழற்றி, கீழ்க்கையோடு சேர்த்தே ஸ்ட்ரட்டைக் கீழே இறக்கி வெளிப்பக்கம் சாய்த்தால் வேலை நடக்கும். கீழ்க்கையின் ரப்பர் புஷ்ஷையும் இப்போதே மாற்றிவிடலாமே என்று ஆசைப்பட்டால்தான் சனிக்கிழமை வேலை மூன்று வாரம் இழுக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் கார்ட்ரிட்ஜ் வேறு. 240இசட்டுக்கும் 280இசட்டுக்கும் குழாய் அளவே வேறு. இடது வலது ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக ஓடுவது மாதிரி. மேலே இருக்கும் ரப்பர் மவுண்ட், முன்பக்கத்துக்கு அதனுள் இருக்கும் பேரிங், தூசி உறை, முட்டு ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அவற்றின் விலை குறைவு. திரும்பப் பிரிக்கிற உழைப்புதான் அதிகம்.

இங்கே ஒரு மோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். காரைத் தாழ்த்துவது. குட்டை ஸ்பிரிங் போட்டு, ஏற்கனவே இருந்த நீளக் குழாயிலேயே விட்டுவிடுகிறார்கள். கார் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிஸ்டன் போகவேண்டிய தூரத்தில் பாதி அப்போதே தீர்ந்துவிட்டது. கொஞ்சம் பெரிய பள்ளம் வந்தால் நேராக அடியில் போய் முட்டும். முறையாகச் செய்கிறவர்கள் குழாயை நடுவில் அறுத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டுத் திரும்ப வெல்டிங் செய்து, அதற்கேற்ற குட்டை கார்ட்ரிட்ஜ் போடுகிறார்கள். சக்கரத்தைத் தாங்குகிற குழாயில் வெல்டிங்! அதைச் செய்பவரின் கை மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வணிகவியல் மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல தேர்வுக் கேள்வி இருக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு அதே தரத்தில் புதுசு போடுவது வருவாய்ச் செலவு. சொத்து இருந்த நிலைக்கே திரும்புகிறது, அவ்வளவுதான். குழாயை அறுத்து, உயரம் மாற்றக்கூடிய பந்தய ஸ்ட்ரட் போடுவது மூலதனச் செலவு. சொத்தின் திறனே மாறுகிறது. புத்தகப்படி இரண்டாவதால் சொத்தின் மதிப்பு கூடவேண்டும். ஆனால் பழைய கார்ச் சந்தையில் பெரும்பாலும் தலைகீழ். கம்பெனி செய்த மாதிரியே இருக்கிற காருக்குத்தான் விலை. அறுத்த குழாயைத் திரும்ப ஒட்டி ஒரிஜினல் என்று சொல்ல முடியாது. வருவாய்ச் செலவு விலையைக் காப்பாற்றுகிறது, மூலதனச் செலவு விலையைக் குறைக்கிறது. எந்த வாத்தியார் ஒப்புக்கொள்வார்?

விலை ஏறியதில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. பதினைந்தாயிரம் டாலர் பெறும்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்டியவர், அறுபதாயிரம் ஆனதும் போர்வை போர்த்தி நிறுத்திவிடுகிறார். தேய்மானம் இருக்காது என்று கணக்கு. ஸ்ட்ரட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஓடாத காரில் சீல் ஒரே இடத்தில் அழுந்திக் காய்ந்து கெட்டியாகிறது. எண்ணெய்ப் பூச்சு வற்றிய தண்டில் ஈரக்காற்று பட்டுப் புள்ளிப் புள்ளியாகத் துரு. பல வருஷம் கழித்து யாரோ வாங்கி ஆசையாக வெளியே எடுக்கும்போது, அந்தத் துருப்புள்ளிகள் முதல் நாளிலேயே சீலை அரம் போல ராவும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்று நம்பி அதிக விலை கொடுத்தவருக்கு இது முதல் செலவு. ஓட்டினாலும் தேயும், நிறுத்தினாலும் தேயும் என்றால் ஓட்டிவிடலாம் அல்லவா?

உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற கேள்விக்கு, இந்தக் காரைப் பொறுத்தவரை கவலையில்லை. இசட் பிரியர்கள் ஒரு காலத்தில் விரும்பி வாங்கிய டோகிகோ கார்ட்ரிட்ஜ்கள் நின்றுவிட்டாலும், காயாபா என்று தொடங்கி இன்று கேஒய்பி என்று அறியப்படும் ஜப்பான் கம்பெனியின் சரக்கு போல வேறு வழிகள் உண்டு. 5 லட்சம் கார் விற்ற புண்ணியம். கூடு நிரந்தரம், உள்ளுறுப்பு மாறும் என்ற அந்த வடிவமைப்பும் ஒரு காரணம். குழாயின் அளவுக்குப் பொருந்துகிற எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

டாட்சன் என்ற பெயருக்கு அந்த ஆயுள் இல்லை. 1980-களில் நிஸ்ஸான் அந்தப் பெயரை விட்டுவிட்டது. 2013-ல் திரும்ப எடுத்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மலிவு விலைக் கார்களாகச் செய்து விற்றுப் பார்த்தது. 2022-ல் அதுவும் முடிந்தது.

நாலு ஸ்ட்ரட்டும் மாட்டியபிறகு அவசரப்பட்டு எல்லா போல்ட்டையும் இறுக்கிவிடக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள இடங்களைத் தளர்த்தியிருந்தால், கார் தன் எடையோடு தரையில் நின்றபிறகுதான் இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் கீழே வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட். கம்பெனி அமைப்பில் இந்தக் காரில் கேம்பரை மாற்ற வழியில்லை. முன்சக்கரங்களின் டோ மட்டும்தான் திருத்த முடியும். அதைப் பார்த்துவிட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டி, மேலே உள்ள நட்டுகளை ஒருமுறை ஸ்பானர் போட்டுச் சரிபார்க்கவேண்டும். கேஸ் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் என்றால் கார் பழையதைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கலாம், அது தவறில்லை. கழற்றிய மறைமூடியையும் பழைய தண்டையும் தூக்கிப் போடாமல் பில்லோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். காரை விற்கும் நாளில் அந்த டப்பாவுக்கும் சேர்த்து விலை பேசுவார்கள்.